நூறு மில்லி நிறம்

சென்னை ரிச்சி தெருவில் கியர் மோட்டார், பேட்டரி, சக்கரம் என்று பை நிறைய வாங்கிக்கொண்டு அண்ணா சாலைக்கு வந்தால், ஜெனரல் பேட்டர்ஸ் சாலை நடக்கிற தூரம்தான். அங்கே கார் பெயின்ட் கலந்து தரும் கடை ஒன்றில் நின்று, "அண்ணே, நூறு மில்லி கிடைக்குமா?" என்று கேட்டேன். கையில் ஒரு பிளாஸ்டிக் மூடி. அந்த மூடியின் ஆரஞ்சு அப்படியே வேண்டும். கடைக்காரர் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எந்த வண்டிக்குத் தம்பி?"

வண்டிக்கு இல்லை, ரோபோவுக்கு என்றேன்.

"வண்டின்னா கலர் கோடு இருக்கும், அஞ்சு நிமிஷத்துல கலந்துடலாம். இது கண்ணால பாத்துக் கலக்கணும். கால் லிட்டர்னா சொல்லுங்க, செய்யலாம்."

அவர் சொன்னதற்குள் இரண்டு விலை ஒளிந்திருந்தது. கோடு இல்லாததற்கு ஒன்று, அளவு குறைவாக இருப்பதற்கு ஒன்று. பெயின்டின் விலை மூன்றாவதாகத்தான் வருகிறது, அதுவும் ஆகச் சிறியதாக. பொழுதுபோக்காக ரோபோ செய்கிறவர்கள், "நான் கேட்ட நிறம் மலிவாக எங்கே கிடைக்கும்" என்று தேடி அலுத்துப்போவதற்குக் காரணம், இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதுதான்.

முதலில் அளவு. மேசை மேல் ஓடும் ஒரு ரோபோ 30 செ.மீ. நீளம், 20 செ.மீ. அகலம், 15 செ.மீ. உயரம் என்று வைத்துக்கொள்வோம். ஆறு பக்கமும் சேர்த்து 2,700 சதுர செ.மீ. உலர்ந்தபின் நிறப்படலம் 40 மைக்ரான் இருந்தால் போதும் என்றால், ரோபோவின் மேல் கடைசிவரை தங்கப்போவது ஏறக்குறைய 11 மில்லி. இரண்டு டீஸ்பூன்! டப்பாவில் இருப்பதில் 30 விழுக்காடு திடப்பொருள் என்று கொண்டால், மீதி ஆவியாகிப் போகும். ஆகவே 36 மில்லி பெயின்ட் தேவை. ஸ்ப்ரே கன்னில் அடிக்கும்போது பாதி காற்றோடு போய்விடும், எழுபது சொச்சம் ஆயிற்று. கப்பில் ஒட்டிக்கொள்வது, ஒரு பக்கம் வழிந்துபோய் அதைத் தேய்த்து மறுபடி அடிப்பது எல்லாம் சேர்த்தால் நூறு மில்லி. இந்த உலகத்தில் நூறு மில்லிக்காகக் கடை வைத்திருப்பவர் யாரும் இல்லை. சுவர்க்காரர் லிட்டர் கணக்கில் விற்கிறார், வண்டிக்காரர் கால் லிட்டரில் தொடங்குகிறார்.

சுவர் பெயின்ட் கடையின் டின்டிங் மெஷினைத்தான் பலரும் முதலில் நினைக்கிறார்கள். வெள்ளை, வெளிர், ஆழம் என்று சில அடிப்படைப் பெயின்ட்கள். அவற்றில் பன்னிரண்டோ பதினாறோ சாயங்களைக் கணினிக் கணக்குப்படி சொட்டி, டப்பாவைக் குலுக்கித் தருகிறது மெஷின். ஆயிரக்கணக்கான நிறங்கள், விலையும் குறைவு. ஆனால் பெரும்பாலும் ஒரு லிட்டருக்குக் கீழே இறங்க மாட்டார்கள். எமல்ஷன் சுவருக்கு ஏற்றது. கை படப்பட அழுக்கேறும், உரசினால் பெயரும். எனாமல் கெட்டிதான், ஆனால் காய ஒரு நாள் எடுத்துக்கொண்டு, அதற்குள் தெருப்புழுதி முழுவதையும் தன்மேல் வாங்கிக்கொள்ளும். சன்போர்டிலும் அட்டையிலும் பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு ரோபோ செய்கிறவர்களுக்கு எமல்ஷனும் மேலே ஒரு கிளியர் கோட்டும் தாராளம். ஐந்து பேர் கொண்ட குழு, ஐந்தும் ஒரே நிறம் என்றால் ஒரு லிட்டரைப் பங்குபோடலாம். அதற்கு மேல் அந்த மெஷினிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

ஹார்டுவேர் கடையில் சின்ன பாட்டிலில் கிடைக்கும் ஸ்டெய்னர் இன்னொரு வழி. வெள்ளை எமல்ஷனிலோ எனாமலிலோ சொட்டுச் சொட்டாக விட்டு வீட்டிலேயே கலக்கலாம். வெளிர்நிறங்களுக்குச் சரி. அடர்த்தியான சிவப்பு வேண்டும் என்று வெள்ளையில் சிவப்பு ஸ்டெய்னரை ஊற்றிக்கொண்டே போனால் ரோஜா நிறத்தைத் தாண்டாது, பெயின்டும் காயாது. வண்டிப் பெயின்டில் இதைக் கலக்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் ஒருமுறை கலந்து பால் திரிந்த மாதிரி ஒன்றைப் பார்த்திருக்கிறேன்.

மீண்டும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்கு வருவோம், ஏனென்றால் வித்தை அங்கேதான் இருக்கிறது. கால் லிட்டருக்கு ஒப்புக்கொண்டேன். கடைக்காரர் தராசில் காலி டப்பாவை வைத்து எடையைப் பூஜ்யமாக்கினார். பின்னால் அலமாரியில் ஐம்பது அறுபது டப்பாக்கள், ஒவ்வொன்றின் மூடியிலும் கைப்பிடியும் மூக்கும். முதலில் ஆரஞ்சு, பிறகு மஞ்சள், கொஞ்சம் வெள்ளை. கலக்கினார். குச்சி நுனியில் தொட்டு, நான் கொண்டுபோன மூடியின் மேலேயே ஒரு பொட்டு வைத்தார். டிரையரைக் காட்டி உலர்த்தினார். ஈரத்தில் பார்க்கிற நிறத்தை நம்ப முடியாது, காய்ந்தால் மாறும். மூடியை எடுத்துக்கொண்டு கடைக்கு வெளியே வெயிலில் போய் நின்றார். பொட்டு கொஞ்சம் வெளுப்பாகத் தெரிந்தது. உள்ளே வந்து ஒரு துளி சிவப்பு. மறுபடி பொட்டு, மறுபடி வெயில். நான்காவது முறை பொட்டு எங்கே என்று நான் தேட வேண்டியிருந்தது.

"இப்ப சேந்துடுச்சு" என்றார்.

அந்த 'ஒரு துளி'யில்தான் சிறிய அளவின் விலை ஒளிந்திருக்கிறது. சாதாரணத் துளி ஒன்று 0.05 மில்லி. ஒரு லிட்டர் ஆரஞ்சில் 2 மில்லி கறுப்பு போக வேண்டும் என்றால், ஒரு துளி கூடினாலும் குறைந்தாலும் பிழை நாற்பதில் ஒரு பங்கு, கண்ணுக்குத் தெரியாது. அதையே 100 மில்லி கலந்தால் கறுப்பு 0.2 மில்லிதான், அதாவது நான்கே துளி. அதில் ஒன்று கூடினால் கறுப்பில் கால் பங்கு கூடிவிட்டது. ஊற்றியதைத் திரும்ப எடுக்கவும் முடியாது. மற்ற எல்லாவற்றையும் கூட்டித்தான் ஈடுகட்ட வேண்டும், அப்படிக் கூட்டும்போது நூறு மில்லி நூற்றிருபத்தைந்து ஆகிவிடும். கடைக்காரர் கால் லிட்டருக்குக் கீழே வர மறுத்ததை வியாபாரத் தந்திரம் என்று நினைத்திருந்தேன். தராசின் நியாயம் அது.

வீட்டில் கலக்கிறவர்களுக்கும் இதே கணக்குதான். கறுப்பையோ நீலத்தையோ நேரடியாக விடாமல், முதலில் பத்து மடங்கு வெள்ளையிலோ கிளியரிலோ கரைத்து வைத்துக்கொண்டு அதிலிருந்து சிரிஞ்சால் எடுத்தால் ஒரு துளியின் வீச்சு பத்தில் ஒன்றாகும். நகைக்கடைத் தராசு மாதிரி 0.01 கிராம் காட்டும் சின்னத் தராசு ஒன்று இருந்தால், கலந்ததைக் கிராமில் எழுதி வைத்து அடுத்த முறையும் அதே நிறத்தைக் கொண்டுவரலாம். துளிக்கணக்கு எழுதி வைத்தால் அடுத்த முறை வராது.

இனி, 'சேர்ந்துவிட்டது' என்பது எந்த வெளிச்சத்தில் என்ற கேள்வி. இந்த விஷயத்தில் நம் ஊரில் உலகத் தரத்துக்குத் தேர்ந்தவர்கள் பெயின்ட்காரர்கள் அல்லர், திருப்பூர்ச் சாயக்காரர்கள். வெளிநாட்டுக் கம்பெனி அனுப்பிய மாதிரித் துணிக்கு ஈடாக 'லேப் டிப்' போட்டு, லைட் பாக்ஸுக்குள் வைத்து விளக்கை மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். டி65 என்பது பகல் வெளிச்சத்துக்கான ஒளி, டி.எல்.84 ஐரோப்பியக் கடைகளின் குழல்விளக்கு. இன்னொன்று பழைய மஞ்சள் பல்பு. ஒன்றில் இரட்டைப் பிள்ளை மாதிரி இருக்கும் இரண்டு துணி, அடுத்த விளக்கில் யாரோ எவரோ என்று நிற்கும். வேறு வேறு சாயப்பொருள்களால் எட்டிய ஒரே நிறம் அப்படித்தான் காலைவாரும். ஆங்கிலத்தில் மெட்டமெரிசம் என்கிறார்கள்.

ரோபோவில் இது கட்டாயம் வரும் வினை. உடம்பு அலுமினியம், அதற்கு வண்டிப் பெயின்ட். கை பிளாஸ்டிக், அதற்குக் கைவேலைக் கடையில் வாங்கிய அக்ரிலிக். மூடி 3டி அச்சில் வந்த சாம்பல்நிற ஃபிலமென்ட். என் ரோபோ ஒன்றுக்கு ஒரு கடையில் குழல்விளக்கு வெளிச்சத்தில் பார்த்துப் பார்த்துக் கலந்து வாங்கிய சாம்பல், பள்ளி மைதானத்தில் வெயிலில் நிறுத்தியதும் பச்சையடித்தது. கை ஒரு ரோபோவுக்கும் உடம்பு இன்னொரு ரோபோவுக்கும் சொந்தம் போல இருந்தது. தப்பு கடையுடையது அல்ல, வாசலுக்கு வராமல் காசைக் கொடுத்த என்னுடையது. சாம்பலும் பழுப்பும்தான் இதில் மோசம். பளிச்சென்ற மஞ்சளும் சிவப்பும் ஓரளவு மன்னிக்கும்.

இதை எண்ணாக்கிவிட்டால் சண்டையே இல்லையே என்று தோன்றும். எண்கள் இருக்கின்றன. மனிதக் கண் நிறத்தைப் பார்க்கும் விதத்துக்கு சி.ஐ.இ. என்ற பன்னாட்டு ஆணையம் 1931லேயே கணக்கு வகுத்தது. 1976இல் எல்-ஏ-பி என்று மூன்று எண்களில் எந்த நிறத்தையும் குறிக்கும் முறையைக் கொடுத்தது. இரண்டு நிறங்களுக்கு இடையிலான தூரம் டெல்டா ஈ. அது 1 அளவில் இருந்தால் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலும் பிரிப்பது கடினம். நான்கைந்து என்றால் யாரும் சொல்லிவிடுவார்கள். இதை அளக்கும் ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் பெரிய பெயின்ட் கடைகளில் இருக்கிறது. தட்டையான, விரல்நகம் அளவு மாதிரி கொண்டுபோனால் படித்துத் தருவார்கள்.

செல்போனில் படம் எடுத்து அதிலிருந்து நிறத்தை எடுப்பது மட்டும் வேண்டாம். வெளிச்சத்துக்குத் தக்கபடி வெள்ளையைத் தானே திருத்திக்கொள்வது போன் கேமராவின் குணம். நிறத்தை அளப்பதற்கு அதைவிட மோசமான குணம் இருக்க முடியாது. ஆனால் ரோபோக்காரர் கையில் வேறொரு ஆயுதம் உண்டு. நிறம் பிரிக்கும் ரோபோவுக்காக வாங்கிப் போட்டிருக்கும் டி.சி.எஸ்.34725 சென்சாரைக் கறுப்புக் குழாய்க்குள் வைத்து, அதன் வெள்ளை எல்.இ.டி.யில் மாதிரியையும் கலந்ததையும் மாற்றி மாற்றிப் படித்தால், எது சிவப்பு கூட, எது நீலம் குறைவு என்று ஒப்பிட்டுச் சொல்லும். நிறத்தின் உண்மையான எண்ணைச் சொல்லாது; சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்றே வடிகட்டி கொண்ட கருவி அது. மெட்டமெரிசத்தையும் கண்டுபிடிக்காது. இருந்தாலும் இரவு பதினொரு மணிக்கு, பார்த்துப் பார்த்துக் கண் மரத்துப்போன நேரத்தில், அது நல்ல துணை.

இவ்வளவும் சொன்னபின் என் கட்சியைச் சொல்கிறேன். ரோபோவுக்கு நிறம் பொருத்தும் வேலையே பாதிப் பேருக்குத் தேவையில்லை. ஏற்கெனவே யாரோ டன் கணக்கில் ஓட்டிக்கொண்டிருக்கும் நிறம் ஒன்றைப் பிடித்து, ரோபோவை அதற்குப் பொருத்திக்கொள்ள வேண்டும். கோடு உள்ள நிறத்துக்கு யாரும் கண்ணால் பார்க்கக் கூலி கேட்பதில்லை.

கோடுகளுக்குப் பஞ்சமும் இல்லை. ஜெர்மனியில் 1927இல் நாற்பது நிறங்களோடு தொடங்கிய ரால் அட்டையில் இன்று இருநூற்றுக்கும் மேல். நம் நாட்டின் ஐ.எஸ். 5 தரத்தில் 356 என்றால் கோல்டன் யெல்லோ, 537 என்றால் சிக்னல் ரெட், 631 என்றால் லைட் கிரே. ஹார்டுவேர் கடையில் எண்ணைச் சொன்னால் எடுத்துத் தருவார்கள். ஒவ்வொரு காரின் கதவு ஓரத்திலோ பானட்டுக்கு அடியிலோ இரண்டு மூன்று எழுத்தில் ஒரு கோடு இருக்கிறது. அதிகம் ஓடும் கார், பைக் நிறங்கள் 400 மில்லி ஸ்ப்ரே கேனிலேயே கிடைக்கின்றன. கேனில் பாதிக்கு மேல் வாயுவும் தின்னரும்தான் என்றாலும், கன், கம்ப்ரசர் இல்லாதவருக்கு அதுவே லாபம்.

இதைவிட மலிவு, அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலும் கோவையிலும் இருக்கும் பவுடர் கோட்டிங் கடைகள். மின்சார பேனல் பெட்டிகளுக்கு ரால் 7035, ரால் 7032 என்ற இரண்டு சாம்பல்களை ஓயாமல் அடிப்பார்கள். பின்னதற்குப் பேனல்காரர்கள் வைத்திருக்கும் பெயர் 'சீமென்ஸ் கிரே'. நமக்கென்று தனி நிறம் கேட்டால் கன்னைக் கழுவி, கூண்டைத் துடைத்து, பவுடரை மாற்றி ஒரு ரோபோவுக்காக யாரும் மெனக்கெட மாட்டார்கள். மெனக்கெட்டால் அந்தக் கூலி ரோபோவின் மோட்டார் விலையைத் தாண்டும். "இன்னிக்கு ஓடற கிரேல இதையும் மாட்டிடுங்கண்ணே" என்றால் கதையே வேறு. கன்வேயர் கொக்கியில் இரண்டு பேனல் கதவுகளுக்கு நடுவே நம் சேஸி தொங்கிக்கொண்டு அடுப்புக்குள் போகும். சுத்தியால் தட்டினாலொழியப் பெயராத படலம். ஒரு நிபந்தனை: உலோகமாக இருக்க வேண்டும். அடுப்பு 180 முதல் 200 டிகிரி வரை இருக்கும், 3டி அச்சுக்கான பி.எல்.ஏ. பிளாஸ்டிக் 60 டிகிரியிலேயே குழைந்துவிடும். பேரிங், மோட்டார், கம்பி எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, திருகு மரைகளை மறைத்துக் கொடுப்பது நம் பொறுப்பு.

பெயின்டையே தவிர்க்கும் வழியை ஜப்பானியர்கள் எப்போதோ கண்டுவிட்டார்கள். 1980இல் வரத் தொடங்கிய 'கண்டம்' (Gundam) ரோபோ மாடல்கள் நாளடைவில் பிளாஸ்டிக்கையே நிறம் நிறமாக வார்த்துக் கொடுக்கும் நிலைக்கு வந்தன. பெட்டியைப் பிரித்துப் பொருத்தினாலே நிறம் வந்துவிடும். நமக்கு அதன் ஈடு, நிறமுள்ள ஃபிலமென்டில் அச்சிடுவது. ஃபிலமென்டின் நிறத்தை அடிப்படையாக வைத்துக்கொண்டு, அதற்கு நெருங்கிய காரின் கோடைத் தேடி உலோகப் பகுதிக்கு அடித்தால் செலவு பாதியாகும். பெயர்ப்பலகை செய்யும் கடைகளில் வெட்டிப் போட்ட ஏ.சி.பி. (அலுமினியக் கூட்டுப்பலகை) ஷீட் துண்டுகள் மூலையில் கிடக்கும்; மூன்று மில்லிமீட்டர் தடிமன், தொழிற்சாலையிலேயே நிறம் ஏற்றியது, எடை குறைவு, சேஸிக்கு வாகு. பைக் ஸ்டிக்கர் கடையின் வினைலும் சமதளமான பக்கங்களுக்கு அருமை. ஸ்டிக்கர் ஒட்டிய ரோபோவைக் கேவலமாகப் பார்க்கும் பெயின்ட் பக்தர்கள் உண்டு. போட்டி நாளன்று கீறல் விழுந்தால் ஐந்து நிமிடத்தில் மாற்றுவது அவர்களால் ஆகாது.

ஆனாலும் நிறத்தைப் பொருத்தியே தீர வேண்டிய இடங்கள் உண்டு. உடைந்த கையை மட்டும் மாற்றும்போது உடம்பின் நிறம் நம் விருப்பத்தில் இல்லை. ஆர்2-டி2 செய்கிறவர்களுக்கும் அப்படியே. 1977இல் வந்த ஸ்டார் வார்ஸ் படத்தின் அந்தக் குள்ள ரோபோவை உலகெங்கும் பல நூறு பேர் வீட்டுப் பட்டறையில் முழு அளவில் செய்கிறார்கள். அவர்களிடையே தீராத வாதம் அதன் நீலம். படத்தில் ஒரு காட்சியில் நீலம், இன்னொன்றில் ஊதா சாயல். நீலத்திரை வைத்து எடுத்த சில விண்வெளிக் காட்சிகளில் அந்தப் பட்டைகள் கறுப்பாகவே தெரிந்தன. பின்னாளில்தான் கணினியால் சரிசெய்தார்கள். அப்படியானால் எதற்குப் பொருத்துவது? ஒரே ரோபோவுக்கே ஒரே நீலம் இல்லாதபோது, டெல்டா ஈ-யை ஒன்றுக்குக் கீழே கொண்டுவரக் காசு செலவழிப்பதை என்னால் ரசிக்க முடிகிறது, சிபாரிசு செய்ய முடியவில்லை.

நம்மூர்ப் பிள்ளைகளுக்கு 'எந்திரன்' படம் வந்த 2010 முதல் ரோபோ என்றால் வெள்ளி. பொருத்துவதிலேயே ஆகக் கஷ்டம் அதுதான். உள்ளே மிதக்கும் அலுமினியச் செதில்கள் எந்தப் பக்கம் சாய்ந்து படிகின்றனவோ அதற்குத் தக்கபடி நேராகப் பார்த்தால் வெளுப்பு, சாய்த்துப் பார்த்தால் இருட்டு. ஒரே டப்பா, ஒரே கை. காற்றழுத்தம் மாறினால் நிறம் மாறும். வெள்ளி வேண்டும் என்றால் எல்லாப் பாகங்களையும் ஒரே நாளில், ஒரே தூரத்தில், ஒரே வாக்கில் நிற்கவைத்து அடித்துவிடுவதைத் தவிர வேறு உபாயம் தெரியவில்லை.

நிறத்துக்கு அடியில் இருப்பதையும் சேர்த்துத்தான் கண் பார்க்கிறது. மஞ்சளும் சிவப்பும் ஒளியை ஊடுருவ விடும். சாம்பல் பிரைமரின் மேல் அடித்த மஞ்சள் பாசி படிந்ததுபோல் இருக்கும், வெள்ளை பிரைமர் போட்டால் பெயின்டும் மிச்சம். 3டி அச்சின் வரிகளைப் பட்டி பார்த்து, 400, 600, 800 என்று வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்க்காவிட்டால், எவ்வளவு சரியாகக் கலந்தாலும் வரிகளின் நிழல் நிறத்தை இருட்டாக்கும். மேட் கிளியர் அடித்த பாகம் பளபளக்கும் பாகத்தைவிட வெளுப்பாகத் தெரியும். அதைப் பெயின்ட் தப்பு என்று கடையில் போய்ச் சண்டை போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மலிவைத் தேடும்போது இரண்டு இடங்களில் கையைப் பின்னுக்கு இழுக்க வேண்டும். வீட்டுப் பெயின்ட்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அது வீட்டு, அலங்காரப் பெயின்ட்களுக்கான விதி. தொழிற்சாலைப் பெயின்ட்கள் அதில் சேரா. பளிச்சென்ற மஞ்சளும் ஆரஞ்சும் ஈயக் குரோமேட்டால் வந்தவையாக இருக்கக்கூடும் என்பதால், சின்னக் குழந்தைகள் கையில் எடுத்து வாயில் வைக்கும் ரோபோவுக்கு வீட்டுப் பெயின்ட் அல்லது பள்ளி அக்ரிலிக்தான். மற்றொன்று ஹார்டனர் கலக்கும் பி.யு. (பாலியூரிதேன்) பெயின்ட். அதில் இருக்கும் ஐசோசயனேட், ஸ்ப்ரேயாக மூச்சில் போனால் ஆஸ்துமாவை வரவழைக்கும். துணி மாஸ்க் அதற்கு ஒரு தடையே இல்லை. மொட்டைமாடியில் வீரம் காட்டாமல், டிங்கரிங் ஷாப்பில் பம்பர் அடிக்கும் நாளாகப் பார்த்து, "இதையும் சேத்து அடிச்சுக் குடுங்க" என்று கொடுத்துவிடலாம். யாரோ ஒருவருடைய காரின் நிறம் நம் ரோபோவுக்கு வந்து சேரும். அங்கே ஒரு பலகையில் கோடு எழுதிய மிச்ச டப்பாக்களும் இருக்கும், ஒவ்வொன்றிலும் நம் நூறு மில்லி.

அந்த ஆரஞ்சு என்ன ஆயிற்று என்றால், கால் லிட்டரில் நூறு மில்லி போக மீதியை ஒரு கண்ணாடி பாட்டிலில் ஊற்றி வைத்தேன். மேலே ஒட்டியிருக்கும் துண்டுத்தாளில் கடைக்காரர் சொன்ன கிராம் கணக்கு நான்கு வரி. பொட்டு வைத்த மூடியே பாட்டிலின் கழுத்தில் நூல் கட்டித் தொங்குகிறது. அதற்குப் பிறகு நான் செய்த இரண்டாவது ரோபோவும் ஆரஞ்சு. மூன்றாவதற்கு மேல் மூடிக்கு மட்டும் போதும் போலிருக்கிறது. உடம்பை சீமென்ஸ் கிரேயில் மாட்டச் சொல்லியிருக்கிறேன்.